வேலை வேண்டுமென்றால் சிறுநீர் கொடு: ஒரு வழக்கம் வந்த கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இரவு சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என் தங்கை மகள் அமெரிக்காவிலிருந்து பேசினாள். அங்கே ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. சேருவதற்கு முன்னால் ஒரு ஆய்வகத்துக்குப் போய்ச் சிறுநீர் கொடுக்க வேண்டுமாம். கைப்பையை வெளியே வைக்கச் சொன்னார்களாம். கழிப்பறைத் தண்ணீரில் நீலச் சாயம் கலந்திருந்ததாம், யாரும் அந்தத் தண்ணீரை எடுத்துக் கோப்பையில் ஊற்றிவிடக் கூடாது என்பதற்காக. "பெரியம்மா, நான் பாக்குகூடப் போட்டதில்லை. என்னை எதுக்குச் சந்தேகப்படணும்?" என்று கேட்டாள். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுக்கதையையும் இங்கே எழுதுகிறேன். உங்களில் பலர் கப்பலிலும் விமானத்திலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கிறீர்கள். இது உங்களுக்கும் பழக்கமான விஷயமாக இருக்கும்.

கதை தொடங்குவது அலுவலகத்தில் அல்ல, போர்க்களத்தில். 1971ஆம் ஆண்டு. வியட்நாமில் இருந்த அமெரிக்க வீரர்களிடையே ஹெராயின் பரவிவிட்டது. நேரில் போய்ப் பார்த்துவந்த இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர் அடிமைகள் என்று அறிக்கை கொடுத்தார்கள். லட்சக்கணக்கான இளைஞர்கள் ஊசியும் கையுமாக ஊர் திரும்பப் போகிறார்கள் என்று அமெரிக்காவே பயந்தது. ஜூன் 17 அன்று அதிபர் நிக்சன் போதைப்பழக்கம்தான் நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தார். ஜெரோம் ஜாஃபி என்ற மனநல மருத்துவரைப் பொறுப்பாளராக வைத்தார். ஜாஃபி சொன்ன வழி எளிமையானது: விமானம் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு வீரனும் சிறுநீர் கொடுக்க வேண்டும். ஹெராயின் தெரிந்தால் அங்கேயே தங்கி, உடம்பு தெளிந்தபிறகுதான் வீட்டுக்குப் போகலாம். இந்தத் திட்டத்துக்கு வைத்த பெயர் "தங்க ஓட்டம்". ராணுவத்தாருக்கும் குறும்பு உண்டு.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, அந்தச் சோதனை தண்டிப்பதற்காக வரவில்லை, சிகிச்சைக்காக வந்தது. இரண்டாவது, லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் திரும்பி வந்த வீரர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தார். வியட்நாமில் அடிமையாக இருந்தவர்களில் ஊருக்கு வந்த முதல் ஆண்டில் மறுபடியும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேர்தான். "ஒருமுறை தொட்டால் ஆயுசுக்கும் அடிமை" என்று நம்பியிருந்தவர்கள் முதலில் இதை நம்பவே இல்லை. இடம் மாறியது, போர் இல்லை, அம்மா கைச் சாப்பாடு கிடைத்தது, பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள். அப்படியானால் நேற்று எடுத்தவன் நாளைக்கும் எடுப்பான் என்று கோப்பையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிற்காலத்தில் சோதனைக்குச் சட்டம் எழுதியவர்கள் இந்த ஆய்வை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

பத்து வருடம் போனது. 1981 மே 26 இரவு, ஃப்ளோரிடா கடற்பகுதியில் நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் தரையிறங்கிய ஒரு விமானம் தடம் விலகி மேல்தளத்தில் நின்ற மற்ற விமானங்கள்மேல் மோதியது. 14 பேர் இறந்தார்கள். பிரேதப் பரிசோதனையில், இறந்த தளப் பணியாளர்கள் சிலரின் உடலில் கஞ்சாவின் தடயம் இருந்தது. பத்திரிகைகள் எல்லாம் கஞ்சா, கஞ்சா என்று எழுதின. கடற்படை அதிலிருந்து தீவிரமாக இறங்கியது. எல்லோருக்கும் சோதனை, சிக்கினால் வேலை போகும். ஆனால் அந்தத் தளப் பணியாளர்கள் விமானத்தை ஓட்டவில்லையே! ஓட்டிய விமானியின் உடலில் இருந்தது சளிக்காகச் சாப்பிடும் மாத்திரை, அதுவும் அளவுக்கு மிக அதிகமாக. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும், தூக்கம் வரவைக்கும் அந்த மருந்து எந்தச் சிறுநீர்ச் சோதனைப் பட்டியலிலும் இல்லை.

இந்த இடத்தில் சோதனை எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அறிவியல் டீச்சர்கள் யாராவது படித்தால் என்னை மன்னிக்கவும், எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

சாராயம் குடித்தால் அது மூச்சிலும் இரத்தத்திலும் சில மணி நேரம் இருக்கும். ஊதச் சொன்னால், இப்போது போதையில் இருக்கிறாரா என்று ஓரளவு தெரிந்துவிடும். சிறுநீர்ச் சோதனை அப்படி இல்லை. அது தேடுவது போதைப்பொருளை உடம்பு உடைத்துக் கழித்த மிச்சத்தை. கொக்கைனின் மிச்சம் இரண்டு மூன்று நாளில் போய்விடும். கஞ்சாவின் மிச்சம் கொழுப்பில் தங்கிக்கொள்ளும். எப்போதாவது புகைப்பவருக்குச் சில நாள், தினமும் புகைத்தவருக்குச் சில வாரம்கூடத் தெரியும். அதாவது சனிக்கிழமை இரவு வீட்டில் கஞ்சா புகைத்தவர் புதன்கிழமை தெளிவாக வேலை செய்துகொண்டிருந்தாலும் மாட்டிக்கொள்வார். இரவெல்லாம் தூங்காமல் தலை சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தவர் தப்பித்துக்கொள்வார். காலையில் குடித்துவிட்டு வந்தவரைக்கூட அந்தச் சிறுநீர்ப் பட்டியல் பிடிக்காது, ஏனென்றால் அரசு வகுத்த ஐந்து பொருட்களில் மது கிடையாது.

இன்னொன்று. சோதனை இரண்டு கட்டமாக நடக்க வேண்டும். முதலில் விலை குறைந்த வேகமான சோதனை. அதில் சந்தேகம் வந்தால், அதே மாதிரியை அதிக விலையுள்ள நுட்பமான கருவியில் போட்டு உறுதிப்படுத்த வேண்டும். எண்பதுகளில் பல இடங்களில் முதல் சோதனையோடு நிறுத்திக்கொண்டு வேலையைப் பறித்தார்கள். தலைவலிக்குச் சாப்பிடும் இபுப்ரோஃபென் மாத்திரைகூட அன்றைய கஞ்சாச் சோதனையைக் குழப்பியது. ராணுவ ஆய்வகங்களின் வேலை எப்படி இருந்தது என்றால், 1984ல் ராணுவமே அமைத்த குழு பார்த்துவிட்டு, ஆயிரக்கணக்கான முடிவுகளுக்குச் சரியான பதிவு இல்லை, அவை நிற்காது என்று சொல்லிவிட்டது. அதற்குள் எத்தனையோ பேர் சீருடையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

1986தான் இந்த வழக்கம் ராணுவத்திலிருந்து ஊருக்குள் நுழைந்த வருடம். ஜூன் மாதம் லென் பயஸ் என்ற கூடைப்பந்து வீரர், பாஸ்டன் அணி அவரைத் தேர்ந்தெடுத்த இரண்டாம் நாள் கொக்கைனால் இறந்துபோனார். வயது 22. நாடே அதிர்ந்தது. ஆகஸ்டில் அதிபர் ரீகனும் துணை அதிபர் புஷ்ஷும் தாங்களே சிறுநீர் கொடுத்து வழிகாட்டினார்கள். செப்டம்பர் 15 அன்று மத்திய அரசு ஊழியர்களுக்கான சோதனை ஆணையில் ரீகன் கையெழுத்திட்டார்.

அந்த வருடத்தில் நான் எல்லோருக்கும் சொல்ல நினைக்கும் சம்பவம் நியூ ஜெர்சியில் பிளெய்ன்ஃபீல்டு என்ற ஊரில் நடந்தது. மே 26, காலை 7 மணி. இரவுப் பணி முடிந்து தீயணைப்பு நிலையத்தில் வீரர்கள் படுத்திருக்கிறார்கள். தலைமை அதிகாரியும் நகராட்சி அதிகாரியும் உள்ளே வந்து எல்லாக் கதவுகளையும் பூட்டுகிறார்கள். தூங்குகிறவர்களை எழுப்புகிறார்கள். ஒவ்வொருவராக, ஆள் பார்த்துக்கொண்டு நிற்க, சிறுநீர் கொடுக்க வேண்டும். முன்கூட்டி அறிவிப்பு இல்லை. யார்மேலும் குறிப்பான சந்தேகம் இல்லை. இப்படியே அடுத்த சில நாட்களில் துறையில் இருந்த அத்தனை பேரையும் சோதித்தார்கள். ஜூலையில் 16 பேரைக் கூப்பிட்டு, உங்கள் சோதனையில் போதைப்பொருள் தெரிகிறது, இன்றோடு வேலை இல்லை, சம்பளமும் இல்லை என்றார்கள். என்ன பொருள், எவ்வளவு அளவு என்று சொல்லவில்லை. ஆய்வக அறிக்கையின் நகல் கேட்டார்கள், தரவில்லை.

வழக்கு நீதிபதி சரோகினிடம் போனது. ரீகன் கையெழுத்திட்ட அதே செப்டம்பரில் அவர் தீர்ப்பு சொன்னார்: இது அரசியல் சட்டத்துக்கு விரோதம். அவர் வாதத்தின் சாரம், ஒரு சிலர் குற்றம் செய்திருக்கலாம் என்பதற்காகக் குற்றமற்ற பெரும்பான்மையை அவமானப்படுத்தக் கூடாது என்பதுதான்.

இதைப் படித்தபோது எனக்கு வகுப்பறைதான் ஞாபகம் வந்தது. ஒரு பிள்ளையின் பணம் காணாமல் போய்விட்டது என்று நாற்பது பிள்ளைகளின் பையையும் தரையில் கொட்டச் சொல்லும் வழக்கத்தை நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் பார்த்திருக்கிறேன். எடுத்த பிள்ளை எப்படியோ சாமர்த்தியமாக நிற்கும். எடுக்காத பிள்ளைகள்தான் முகம் சிவந்து, பையிலிருந்து விழுந்த பழைய டிபன் டப்பாவையும் கிழிந்த கைக்குட்டையையும் அள்ளிக்கொண்டிருக்கும். என் வகுப்பில் நான் அதை அனுமதித்ததில்லை. அதற்காகத் தலைமையாசிரியரிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் நான் ஒரு பக்கம் மட்டும் சொன்னால் அது வரலாறு ஆகாது. 1987 ஜனவரி 4, ஞாயிற்றுக்கிழமை. மேரிலாண்டில் சேஸ் என்ற இடத்தில், மூன்று என்ஜின்களைக் கோத்து ஓட்டிவந்த ஒரு சரக்கு ரயில் ஓட்டுநர் சிவப்பு சிக்னலைத் தாண்டி முக்கியப் பாதையில் வந்து நின்றுவிட்டார். பின்னால் நூறு மைல் வேகத்துக்கும் மேல் வந்துகொண்டிருந்த ஆம்ட்ராக் பயணிகள் ரயில் மோதியது. 16 பேர் இறந்தார்கள். விடுமுறை முடிந்து ஊர் திரும்பிய கூட்டம் அது. சரக்கு என்ஜினில் இருந்த ஓட்டுநர், உதவியாளர் இருவர் உடலிலும் கஞ்சா. பணியில் இருக்கும்போதே புகைத்திருந்தார்கள். ஓட்டுநர் சிறைக்குப் போனார். இப்படி நடந்தபிறகு சோதனையே கூடாது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? எனக்கு வராது.

ஆனாலும் விபத்து விசாரணையில் இன்னொன்றும் தெரியவந்தது. சிக்னல் மாறினால் என்ஜினுக்குள் ஊத வேண்டிய எச்சரிக்கை விசில் மேல் டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள். சிக்னல் காட்டும் ஒரு விளக்கு பல்பே இல்லாமல் இருந்தது. ஓட்டுநர் கவனிக்காவிட்டாலும் ரயிலைத் தானாக நிறுத்தும் கருவி அந்தச் சரக்கு என்ஜின்களில் இல்லை. விபத்துக்குப் பிறகு அந்தப் பாதையில் ஓடும் சரக்கு என்ஜின்களுக்கும் அப்படிப்பட்ட கருவி கட்டாயமானது. என்னைக் கேட்டால் அதற்குப் பிறகு அதிக உயிர்களைக் காப்பாற்றியது அந்தக் கருவியாகத்தான் இருக்கும். கருவி தூக்கக் கலக்கத்தையும் தடுக்கும், நெஞ்சுவலியையும் தடுக்கும், கஞ்சாவையும் தடுக்கும். கோப்பை கடைசியில் சொன்னதை மட்டும்தான், அதுவும் சில பொருட்களை மட்டும்தான் பார்க்கும். ஒன்று நிறுவனம் காசு போட்டு வாங்க வேண்டியது, மற்றொன்று தொழிலாளி தன் உடம்பிலிருந்து கொடுக்க வேண்டியது. எதைப் பற்றி அதிகம் பேசினார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

இன்னொரு வேடிக்கை. ரயில் விபத்துகளுக்குப் பிறகு எடுத்த இரத்த மாதிரிகளைச் சோதித்தது ஓக்லஹோமா சிட்டியில் இருந்த ஒரு அரசு ஆய்வகம். செய்யாத சோதனைகளுக்கு முடிவு எழுதியதாக அதன் மேற்பார்வையாளரே அதே 1987ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். சோதிக்கிறவரை யார் சோதிப்பது என்ற கேள்விக்கு அடுத்த வருடம் அரசு விரிவான விதிகள் கொண்டுவந்தது: இரண்டு கட்டச் சோதனை, மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு, முடிவை முதலாளிக்குச் சொல்லும் முன் ஒரு மருத்துவர் ஊழியரிடம் பேசி "என்ன மருந்து சாப்பிட்டீர்கள்?" என்று கேட்பது. இவையெல்லாம் யாரும் தானமாகக் கொடுத்தவை அல்ல. வேலை இழந்தவர்களும் சங்கங்களும் வழக்குமேல் வழக்கு போட்டதால் வந்தவை.

பெரிய தீர்ப்பு 1989 மார்ச் 21 அன்று வந்தது. ஒரே நாளில் உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்குகளைத் தீர்த்தது. முதலாவது ரயில்வே தொழிற்சங்கங்கள் போட்டது. விபத்து நடந்தால் அந்த ரயில் ஊழியர்கள் அனைவரையும், தனிப்பட்ட சந்தேகம் இல்லாமலே, சோதிக்கலாமா? 1972 முதல் 1983 வரை மது அல்லது போதைப்பொருள் காரணமாக இருந்த பெரிய ரயில் விபத்துகள் குறைந்தது 21, அதில் இறந்தவர்கள் 25 பேர் என்று அரசு கணக்குக் காட்டியது. ஏழு நீதிபதிகள் சோதிக்கலாம் என்றார்கள், இரண்டு பேர் கூடாது என்றார்கள். கூடாது என்ற இருவரில் ஒருவர் தர்குட் மார்ஷல், கறுப்பின மக்களின் பள்ளி உரிமைக்கு வாதாடிய அதே மார்ஷல்.

இரண்டாவது வழக்கு சுங்கத்துறை ஊழியர்களுடையது. கடத்தலைப் பிடிக்கும் பணிக்கோ துப்பாக்கி ஏந்தும் பணிக்கோ மாற வேண்டுமென்றால் சிறுநீர் கொடுக்க வேண்டும் என்று துறை சொன்னது. இங்கே ஐந்துக்கு நான்கு என்று நூலிழையில் அரசு ஜெயித்தது. எதிர்த்து எழுதியவர் யார் தெரியுமா? பழமைவாதி என்று பெயரெடுத்த நீதிபதி ஸ்காலியா. ரயில் வழக்கில் அரசு பக்கம் நின்றவர் இங்கே மாறி நின்றார். அவர் கேட்டது எளிய கேள்வி: ரயிலில் விபத்துகள் நடந்ததற்குச் சான்று இருந்தது, சுங்கத்துறையில் என்ன நடந்தது? சோதித்த 3,600 பேரில் சிக்கியது 5 பேர். ஒரு தவறும் நடக்காத இடத்தில், நாங்கள் போதைக்கு எதிரானவர்கள் என்று ஊருக்குக் காட்டிக்கொள்வதற்காக ஊழியரின் மானத்தை வாங்குவதா என்பதுதான் அவர் கோபம்.

என் தராசும் அதுதான். பஸ், ரயில், விமானம், அணுமின் நிலையம் என்று ஒருவர் கைநடுக்கத்தில் பல உயிர் போகும் இடங்களில் சோதனை இருக்கட்டும், மறுபரிசோதனைக்கும் விளக்கம் சொல்லவும் வழி இருக்க வேண்டும். கணக்கெழுதுபவருக்கும் கடையில் துணி மடிப்பவருக்கும் எதற்கு?

ஆனால் அவர்களிடம்தான் அது போய்ச் சேர்ந்தது. அரசியல் சட்டம் அரசைத்தான் கட்டுப்படுத்தும். தனியார் முதலாளி கேட்டால், கொடு அல்லது வேறு வேலை பார். 1988ல் வந்த போதையற்ற பணியிடச் சட்டம் அரசு ஒப்பந்தம் பெறும் நிறுவனங்கள் போதைக்கு எதிரான கொள்கை வைத்திருக்க வேண்டும் என்றுதான் சொன்னது, சோதிக்கச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பெரிய நிறுவனங்களில் வேலைக்குச் சேருவதென்றால் கோப்பை என்பது சாதாரணமாகிவிட்டது. ரயில், பஸ், லாரி, விமான ஊழியர்களுக்கு மதுச் சோதனையையும் சேர்த்துக் கட்டாயமாக்கிய சட்டம் 1991ல்தான் வந்தது. அந்த ஆகஸ்டில் நியூயார்க் சுரங்க ரயிலைக் குடித்துவிட்டு ஓட்டியவரால் 5 பேர் இறந்த பிறகு.

பலன் இருந்ததா என்று கேட்பீர்கள். 1990ல் பாஸ்டன் தபால் துறையில் நடந்த ஒரு ஆய்வு வெளிவந்தது. புதிதாகச் சேர்ந்த 2,537 பேரிடம் மாதிரி எடுத்து, முடிவை நிர்வாகத்திடம் சொல்லாமல், அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். கஞ்சா தெரிந்தவர்களுக்கு விபத்து 55 சதவீதமும் விடுப்பு 78 சதவீதமும் அதிகம். வித்தியாசம் இருக்கத்தான் செய்தது. ஆனால் சோதனையை விற்றவர்கள் சொல்லிவந்ததைவிட மிகக் குறைவு என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள்.

நான் எதிர்பார்க்காத ஒரு ஆய்வும் உண்டு. அபிகெய்ல் வோஸ்னியாக் என்ற பொருளாதார அறிஞர் 2015ல் வெளியிட்டது. சோதனைக்கு ஆதரவான சட்டம் உள்ள மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கு வேலை கிடைப்பது கூடியிருக்கிறது. ஏன்? சோதனை இல்லாதபோது முதலாளி தோல் நிறத்தைப் பார்த்தே, இவன் எடுப்பான் என்று முடிவு கட்டிவிடுகிறார். சோதனை இருந்தால் அந்த இளைஞனிடம் காட்ட ஒரு காகிதம் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். தங்கை மகளின் கோபம் நியாயமானது, அந்தக் காகிதத்தால் வேலை பெற்றவனின் நிம்மதியும் நியாயமானது.

சிரிப்பு வரவழைக்கும் வழக்கு ஒன்று மிச்சம் இருக்கிறது. ஜார்ஜியா மாநிலம், தேர்தலில் நிற்கும் வேட்பாளர்களும் சோதனை செய்துகொண்டு வர வேண்டும் என்று 1990ல் சட்டம் போட்டது. 1997ல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று அதை ரத்து செய்தது. காரணம்? வேட்பாளர்களிடையே போதைப் பிரச்சினை இருப்பதற்குச் சான்று இல்லையாம். சுங்கத்துறைக்காரர்களுக்கு ஸ்காலியா கேட்டதும் இதேதானே!

இப்போது காற்று மாறி வீசுகிறது. பல மாநிலங்களில் கஞ்சா சட்டப்படி விற்கப்படுவதால், கலிஃபோர்னியாவில் 2024 ஜனவரி முதல், உடம்பில் தங்கிய பழைய மிச்சத்தைக் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. கட்டடத் தொழில் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. அமேசான் நிறுவனம் 2021லேயே, ஓட்டுநர் போன்ற வேலைகள் தவிர மற்றவற்றுக்குக் கஞ்சாச் சோதனையை விட்டுவிட்டது. ஆள் கிடைக்காவிட்டால் கொள்கைகளும் இளகும்.

நம் சமையலறைக்கும் இதில் பங்கு உண்டு. குருமாவில் அரைத்து விடுகிறோமே கசகசா, அது அபினிச் செடியின் விதை. கசகசா தூவிய ரொட்டி சாப்பிட்டுவிட்டு அபினி வகையில் மாட்டிக்கொண்ட அமெரிக்கர்கள் பலர். அதனால் 1998ல் அந்தச் சோதனையின் எல்லையை ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000க்கு உயர்த்தினார்கள். அதன்பிறகும் 2023ல் அமெரிக்க ராணுவத் தலைமை தன் வீரர்களிடம் கசகசாவைத் தவிர்க்கும்படி சொல்ல வேண்டியிருந்தது. வளைகுடாவுக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பெட்டி கட்டும் அம்மாக்களே, பொடி டப்பாவில் கசகசா வேண்டாம். அங்கே அது சட்டப்படியே குற்றம்.

நம் ரயில்வேயில் நடப்பது மூச்சுச் சோதனை. லோகோ பைலட்டுகள் பணி ஏறும்போதும் இறங்கும்போதும் ஊத வேண்டும். அது சரியான சோதனைதான், இப்போதைய நிலையைப் பார்ப்பது. ஆனால் தெற்கு ரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்டத்தில் குடிக்காதவர்கள் ஊதியும் கருவி மது என்று காட்டியது. இரத்தத்தை எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. கருவியைச் சந்தேகப்படுவதற்குப் பதிலாக, 2025 பிப்ரவரியில் அதிகாரிகள் ஒரு உத்தரவு போட்டார்கள்: பணிக்கு வருமுன் இளநீர் குடிக்கக் கூடாது, சில வகை வாழைப்பழம் சாப்பிடக் கூடாது, ஹோமியோபதி மருந்து, இருமல் மருந்து, குளிர்பானம் கூடாது. ஓட்டுநர்கள் கொதித்துப்போனார்கள், பத்திரிகைகளில் வந்தது, உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். அதே வருடம் பந்தளத்தில் கேரள அரசுப் பேருந்து ஓட்டுநர்கள் சிலர் நன்றாகப் பழுத்த பலாச்சுளையைச் சாப்பிட்டுவிட்டு ஊதியபோது கருவி அவர்களையும் குடிகாரர்கள் என்றது. அங்கே செய்தது எனக்குப் பிடித்திருந்தது. முதலில் ஊதித் தேறிய ஒருவரிடம் பலாச்சுளையைக் கொடுத்துச் சாப்பிடச் சொல்லி, மறுபடி ஊதச் சொன்னார்கள். அவருக்கும் மது என்றே காட்டியது.

ரயில்வேயிலோ கப்பலிலோ விமான நிறுவனத்திலோ இருக்கும் என் பிள்ளைகள், உங்கள் இடத்தில் தவறான முடிவு வந்தால் மறுபரிசோதனை கேட்க வழி இருக்கிறதா என்று கீழே எழுதுங்கள்.